மழைக்கு ஒதுங்கியவர்கள்

எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. எல்லாக் கம்பெனியும் ஞாயிற்றுக்கிழமையே மூடினால் மற்ற நாளில் கரண்டு பற்றாது என்று ஆளுக்கொரு நாளாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஊரே வேலைக்குப் போயிருக்கும் நாளில் நான் மட்டும் வீட்டில் இருப்பேன். பேச ஆள் கிடைக்காது என்று அலுத்துக்கொள்வேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைகள் இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பால்வாடியின் மத்தியானத் தூக்கத்தை நான் பார்த்திருக்கவே முடியாது.

ஒரு மணிக்குச் சாப்பாடு முடியும். டீச்சர் பாயை விரிப்பார். குழந்தைகள் இரண்டு வரிசையாகச் சுவர்ப்பக்கம் தலை வைத்துப் படுக்கும், இருபத்து மூன்று பேர். மூன்றாவது வரிசை வாசல் பக்கம். அதில் ஏழு பேர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஜன்னல் கம்பியின் நிழல் மூன்று வரிசையின் மேலும் மெதுவாக நகரும். தூரத்தில் வாலாஜாபாத் ரோட்டில் லாரி போகும் சத்தம் வந்து கரையும். ஒரு குழந்தை தூக்கத்தில் சிரிக்கும், ஒரு கிழவர் தூக்கத்தில் யாரையோ அதட்டுவார், இரண்டையும் கேட்டு யாரும் விழிக்க மாட்டார்கள். வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் கண் சொக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கு யார் பெரியவர் என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது வரிசையில் கடைசியாகப் படுத்திருப்பவர் என் மாமனார். பாய்க்கு வெளியே கால் நீண்டிருக்கும். அத்தனை உயரம்.

இது தொண்ணூற்றொன்றில். சேரப்பணஞ்சேரியைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் எங்கள் ஊர். இப்போது அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அன்றைக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்றால் காற்றுதான் வரும், கூடவே எங்கள் கம்பெனி பஸ் வரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுவிட்ச் செய்யும் கம்பெனி. எனக்கு ஸ்குரூ பூட்டும் லைனில் வேலை. பத்தாவது பாஸ் செய்த பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். லைனில் ஒருத்தி எழுந்தால் அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர் கை சும்மா இருக்கும், அதனால் ஒண்ணுக்குப் போகக்கூட சூப்பர்வைசரிடம் விரலைத் தூக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தோம் என்று பெயர்தான்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். பூனாவுக்கு லோடு போனால் பத்து நாள். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நான், நாலு வயது மகள், மாமனார்.

மாமனார் ஹைவேஸில் ரோடு போடும் கேங் கூலியாக இருந்தவர். வாலாஜாபாத் ரோட்டில் அவர் கை படாத கஜம் கிடையாது என்று சொல்வார்கள். வேலையை விட்டு வெகுநாளைக்குப் பிறகு புத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. சாப்பிட்டதை மறந்தார், மகன் பெயரை மறந்தார். ரோட்டை மட்டும் மறக்கவில்லை. சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவார். நட்ட நடு ரோட்டில் நின்று கையைத் தூக்கி லாரியை நிறுத்துவார். “தார் காயல. ஓரமா நில்லு” என்பார். டிரைவர்கள் பாதிப் பேர் சிரித்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். மீதிப் பேர் கிட்டே வந்துதான் பிரேக் பிடிப்பார்கள்.

நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லிவிடுகிறேன். என் பழைய நூல் புடவையைக் கிழித்து அவர் கணுக்காலைக் கட்டில் காலோடு கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போனேன், மூன்று நாள். தண்ணீரும் சோறும் கை எட்டும் தூரத்தில் வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது, “கயிறு கட்டிக்கீது பாரு. வேலை நடக்குது. உள்ள வராத” என்று சொன்னாராம். புதிதாகத் தார் போட்ட ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டுவார்களே, அதுதான் அது என்று நினைத்துக்கொண்டார். அவள் அதைச் சிரிப்பாகச் சொன்னாள். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

நாலாம் நாள் காலையில் நான் அந்தப் புடவைக் கிழிசலை எடுப்பதற்குள் மகள் அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போய்விட்டாள். அவள் பால்வாடிக்குப் போகிற நேரம் அது. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. மூன்று பேருமாக ஓடினோம். டீச்சருக்கு வீடு பால்வாடிக்கு எதிரே, எட்டு மணிக்கே கதவைத் திறந்துவிடுவார். என் முகத்தைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், அவர் கணுக்காலில் இருந்த சிவந்த தடத்தையும் பார்த்தார்.

“உக்காரட்டும், போ. இருவத்தி மூணோட இருவத்தி நாலு” என்றார்.

பிறகு இந்தச் செய்தி தெருவில் பரவாமல் இருக்குமா? அந்தத் தெருவிலிருந்து ஐந்து பெண்கள் ஆளுக்கொரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு மாதத்தில் மூன்றாவது வரிசை நிறைந்தது. கண் தெரியாத ஒருவர், விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு அம்மா, அழுகையை நிறுத்தத் தெரியாத இன்னொரு அம்மா, இப்படி. குழந்தைகளுக்கு வரும் சத்துமாவில் கை வைக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பு. பெரியவர்களுக்குச் சோறு வீட்டிலிருந்து தூக்கில் போகும். வயிறு சரியில்லாதவர்களுக்குத் துணி மாற்ற அவரவர் லீவு நாளில் முறை வைத்துக்கொண்டோம். எனக்கு வெள்ளி.

டீச்சர் ஒரு விஷயத்தில் முரடு. கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கணக்கில் எழுதாமல் இருக்க அவருக்கு வராது. வருகைப் பதிவேட்டில் குழந்தைகளின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு ஏழு பேரையும் எழுதிவிட்டார். வயது என்ற கட்டத்தில் 74, 71, 80. “ஏன் டீச்சர் வம்பு?” என்று கேட்டேன். “இருக்கிற ஆள இல்லன்னு எப்படி எழுதறது?” என்றார். மாசா மாசம் வந்து பதிவேட்டைப் பார்க்கும் ஆபீசரம்மா அதுவரை மேலே உள்ள பெயர்களை மட்டும் எண்ணிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆடிக் கடைசியில் சட்டசபைக் குழு ஒன்று எங்கள் பக்கம் வருவதாகச் சொன்னார்கள். கம்பெனிகள் வருகிற இடத்தில் ஊர்களுக்கு என்ன வசதி வேண்டும் என்று பார்க்கிறார்களாம். வருகிற நாள் வெள்ளிக்கிழமை. பெரியவர்களை அன்றைக்கு ஒருநாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஆபீசரம்மா ஆள் அனுப்பினார். டீச்சர் அந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னை எதிரில் உட்காரவைத்துப் பேனாவைக் கொடுத்தார். நான் மனு எழுதினேன். ஒரே ஒரு கோரிக்கைதான். பால்வாடிக்கு இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை என்று விதி இருக்கிறது. அதில் ‘ஐந்து வயது வரை’ என்பதை மட்டும் எடுத்துவிட வேண்டும். புதுக் கட்டடம் வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம். எங்களுக்கு அது ரொம்பச் சின்ன விஷயமாகப் பட்டது. மூன்று வார்த்தை அடிக்க எத்தனை நேரம் ஆகும்?

அந்த வெள்ளிக்கிழமை மூன்று வெள்ளைக் கார்கள் வந்தன. கார் சத்தம் கேட்டதும் மாமனார் எழுந்து போய்விட்டதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. நான் ஓடிப் போய்ப் பார்க்கிறேன், நடு ரோட்டில் சிவப்புத் துண்டோடு நிற்கிறார். முதல் கார் அவர் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருக்கிறது. ஹாரன் அடிக்கிறார்கள்.

“தார் காயல” என்றார் மாமனார்.

இரண்டாவது காரிலிருந்து ஒருவர் இறங்கினார். குழுவில் ஒரு எம்.எல்.ஏ., தெற்கே வறண்ட ஜில்லாக்காரர். பழைய செருப்பு, நரைத்த மீசை. ரோட்டைப் பார்த்தார். அது எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் போட்ட ரோடு, பல்லிளித்துக்கொண்டு கிடந்தது.

“காய எம்புட்டு நேரம் ஆகும்?” என்று கேட்டார்.

“வெயிலப் பொறுத்து. இப்போ ஒரு பத்து நிமிசம்.”

அவர் சின்னப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டார். அதிகாரிகள் வெயிலில் நின்றார்கள். ஆபீசரம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. காற்று இல்லை. ரோட்டுக்கு மேலே கானல் ஆடியது. அந்தப் பத்து நிமிஷம் என் வாழ்க்கையில் வேறு எங்கோ நடந்த மாதிரி இருக்கிறது. கடைசியில் மாமனார் செருப்பைக் கழற்றி, கால் கட்டைவிரலால் ரோட்டை அழுத்திப் பார்த்தார். இரண்டு மூன்று இடத்தில் அழுத்தினார். பிறகு துண்டை இறக்கி, “போலாம்” என்றார்.

எம்.எல்.ஏ. நடந்தே பால்வாடிக்கு வந்தார். மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மனுவை நின்றபடி படித்தார், பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தார்.

“மூணு வார்த்தைய அடிக்கச் சொல்றீக. அடிச்சிப்புட்டு அந்த எடத்துல என்ன எழுத?” என்றார். “ஆதரவு இல்லாதவுகன்னு எழுதலாம்னா மகன் இருக்கான். நோயாளின்னா ஆஸ்பத்திரியில சேக்கணும்பாக. புத்தி சரியில்லன்னு எழுத உனக்கும் மனசு வராது தாயி, எனக்கும் வராது. இவுகளுக்கு ஒரு பேரு இல்லியே. பேரு இல்லாத ஆளுக்கு எப்படிச் சட்டம் போட?”

எனக்குச் சுருக்கென்றது. வாய் எனக்கு எப்போதுமே சும்மா இருக்காது. “ஸ்குரூ போடறது எங்க வேலைங்க, நாங்க போடறோம். சட்டம் போடறது உங்க வேலைதானே” என்றேன்.

அதிகாரிகள் பதறினார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரிதான்” என்றார். பிறகு சொன்னார்: “எங்க ஊருல வேற மாதிரி. பிள்ளைக எல்லாம் வேலைன்னு இங்கிட்டு வந்துட்டாக. அங்கிட்டு வீட்டுக்கு வீடு பெருசுக மட்டும். உங்களுக்குப் பகல்ல ஒரு ஆளு வேணும். அவுகளுக்கு வருசம் முச்சூடும் ஆளு வேணும். ஒரே சட்டைய ரெண்டு ஊருக்கும் எப்படித் தைக்கிறது? யோசிக்கிறேன் தாயி.”

மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் யோசித்திருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

கோட்டையிலிருந்து பதில் வருவதற்கு முன்பே ஆபீசரம்மாவிடமிருந்து மெமோ வந்தது. பால்வாடிக் கட்டடத்துக்குள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட யாரையும் வைத்திருக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை. டீச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “கட்டடத்துக்குள்ளதானே?” என்றார். மறுநாள் வாசல் புங்கமரத்தடியில் ஏழு பேருக்கும் பாய் விழுந்தது. ஆவணி, புரட்டாசி அப்படியே ஓடியது. புங்க இலை உதிர்ந்து தூங்குகிறவர்கள் மேலெல்லாம் கிடக்கும். ஆனால் நான் வானத்தைப் பார்க்கும் போதெல்லாம் நாளை எண்ணினேன். ஐப்பசி வரும். மழை வந்தால் மரத்தடி இல்லை, பால்வாடி இல்லை. அப்புறம் எனக்கு இரண்டே வழி. வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் புடவைக் கிழிசலை மறுபடி தேட வேண்டும். அதை நான் தூர எறியாமல் பரணில் வைத்திருந்தேன் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அது வந்தது. காலையில் பஸ் ஏறும்போது தூறல். பத்து மணிக்குக் கம்பெனித் தகரக் கூரை மேல் கொட்ட ஆரம்பித்தது, பக்கத்தில் இருப்பவள் பேசுவது கேட்கவில்லை. என் கை ஸ்குரூ பூட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணுக்கு முன்னால் ரோடு ஓடுகிறது. மழையில் ஒருவர் துண்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மழையில் தார் காயவே காயாது. அவர் துண்டை இறக்கவே மாட்டார்.

நான் எழுந்தேன். விரலைத் தூக்கவில்லை. எனக்குப் பின்னால் எட்டுப் பேர் கை நின்றது. “கேட் பாஸ் இல்லாம போனா திரும்பி வராத” என்று சூப்பர்வைசர் சொன்னது கேட்டது. அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை அது.

டவுன் பஸ் கூட்டு ரோடு வரைதான் வந்தது. அதற்கு மேல் நடை. ஏரித் தண்ணீர் ரோட்டை மறித்துக் கணுக்கால் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிரே வருவது ஆளா மரமா என்று தெரியாத வெள்ளை மழை. பாதை காலுக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு நேரம் நடந்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு லாரி விளக்கு மங்கலாக வரும்போதும் நின்று, அது தாண்டிப் போனதும் நடந்தேன். சிவப்பாக எதைப் பார்த்தாலும் அதை நோக்கி ஓடினேன்.

ரோட்டில் அவர் இல்லை. புங்கமரத்தடியில் தண்ணீர்தான் நின்றது. பால்வாடிக் கதவு திறந்திருந்தது.

உள்ளே எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று வரிசை கலைந்து ஒரே குவியலாக, நனைந்த துணியின் வாடையும் சத்துமாவின் வாடையுமாக, வெளியே அத்தனை சத்தம், உள்ளே மூச்சு விடும் சத்தம். கனவுக்குள் நுழைந்துவிட்டேன் என்றே ஒரு கணம் நினைத்தேன். என் மகள் தாத்தாவின் முழங்கையில் தலை வைத்திருந்தாள். அவர் மட்டும் விழித்திருந்தார்.

“ரோடு மூடியாச்சா?” என்று கேட்டார்.

“மூடியாச்சு மாமா. நீங்க தூங்குங்க.”

அப்போதுதான் மூலையைப் பார்த்தேன். டிரங்குப் பெட்டி மேல் ஆபீசரம்மா உட்கார்ந்திருந்தார். சோதனைக்கு வந்த இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டாராம். புடவை முழங்கால் வரை சேறு, ஒரு கால் செருப்பை வெள்ளம் கொண்டு போயிருந்தது. தோளில் டீச்சரின் துண்டு. மடியில் பதிவேடு. டீச்சர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நான் வாசலிலேயே சொட்டச் சொட்ட நின்றேன்.

“உள்ள வாம்மா” என்றார் ஆபீசரம்மா. “மழைக்கு ஒதுங்கினவங்கள எந்த ஊர்லயாவது வெளிய போன்னு சொல்வாங்களா?”

பிறகு பதிவேட்டில் குழந்தைகளின் கணக்குக்குக் கீழே, கோட்டுக்கு அந்தப் பக்கம், தன் கையாலேயே எழுதினார். எழுதிவிட்டு டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் படித்துவிட்டு என்னிடம் காட்டினார். ‘மழைக்கு ஒதுங்கியவர்கள்: ஏழு பேர்.’

“விதியில இதுக்குத் தடை இல்ல” என்றார் ஆபீசரம்மா. எங்களைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் வெயில் அடித்தது. டீச்சர் பாயை உள்ளேயே விரித்தார். பதிவேட்டில் ‘மழைக்கு ஒதுங்கியவர்கள்: ஏழு பேர்’ என்று எழுதினார். அதற்கு மறுநாளும் எழுதினார். மார்கழிப் பனியில் எழுதினார், மாசியில் எழுதினார். சித்திரை வெயிலில் ஆபீசரம்மா குடையை மடக்கி வைத்து, கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைப் பார்த்தார். “இன்னிக்கும் நல்ல மழை போல” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எம்.எல்.ஏ. தேடிய பெயர் அவருக்கு முன்னால் இந்த அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. கோட்டையிலிருந்தும் ஒருநாள் கடிதம் வந்தது, கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாக. டீச்சர் அதை ஆணியில் மாட்டினார். இப்போது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கம்பெனி பஸ் வருகிறது, வீட்டுக்கு வீடு ஒரு பெரியவர் பகலெல்லாம் தனியாக இருக்கிறார். அது இன்னும் பரிசீலனையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என்னை ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். எட்டாம் நாள் போனேன். பரணிலிருந்த கிழிசலை அந்த வாரத்தில் எடுத்து அடுப்பில் போட்டேன்.

மாமனார் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். என் மகள் ஐந்து வயது முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள், அவர் மட்டும் பால்வாடியிலேயே தங்கிவிட்டார். ஒரு பங்குனி மாதத்து மத்தியானம், தூக்க நேரம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது அவர் எழவில்லை. கம்பெனிக்குப் போன் வந்தது. இந்தத் தடவை சூப்பர்வைசரே கேட் பாஸ் எழுதிக் கொடுத்தார்.

பதிவேட்டில் டீச்சர் அன்றைக்கு வழக்கம்போல எழுதியிருந்தார். ‘மழைக்கு ஒதுங்கியவர்கள்: ஏழு பேர்.’ அதற்குக் கீழே இன்னொரு வரி, ‘மழை விட்டதும் புறப்பட்டவர்: ஒருவர்.’

என் வீட்டுக்காரர் மறுநாள் விடியற்காலையில் லாரியோடு வந்து சேர்ந்தார். ஊர்ப் பெரியவர்கள் சடங்கை ஆரம்பித்தார்கள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும், ஒரு துணி கிழித்துக் கொடு என்று என்னிடம் கேட்டார்கள்.

“கட்டக் கூடாது” என்றேன்.

முறை தெரியாதவள் என்றார்கள். கம்பெனிக்குப் போகிறவளுக்கு வாய் நீளம் என்றும் ஒருவர் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்த மூன்று நாளைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. ஆனாலும் எதையோ புரிந்துகொண்டவர் மாதிரி, “விட்டுடுங்க, அவ சொல்றபடியே இருக்கட்டும்” என்றார்.

கட்டாமலேதான் எடுத்துக்கொண்டு போனார்கள்.